கரும்பவளம் பார்த்துவிட்டு ராயக்கோட்டை ஏறியபோது

ஓசூர் பேருந்து நிலையத்தில் என் இடது கால் செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு பெண்மணி, "ஏங்க, செருப்பு அங்கயே கெடக்குது பாருங்க" என்று கூப்பிட்டுச் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். நாலைந்து கடை தள்ளிக் கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலால் ஜல்லியை மிதித்து வந்திருக்கிறேன். குத்தவும் இல்லை, சுடவும் இல்லை.

நான் சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் அப்போது என் கவலை. 

என் ஊர் மாரண்டஹள்ளி. கணவர் மாதேஷ் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருமுறை கம்பெனிச் சுற்றுலாவில் புதுச்சேரிக்குப் போனபோது முதுகில் காற்று உருளையைக் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வருடத்துக்கு ஒரு முறை, விடுமுறையைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு படியாகப் பயிற்சி முடித்தேன்.

மூழ்குவதில் பெரிய வித்தை இறங்குவது இல்லை, ஏறுவதுதான். ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்துவிடுகிறது. அது மெல்ல வெளியேற வேண்டும். அதனால் மேலே வரும்போது குறித்த ஆழங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். இதை நான் விளக்கியபோது மாதேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா கயித்தப் புடிச்சிகிட்டு நிக்கறதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போற? நம்ம மண்டியில வந்து நில்லு, நானே கயிறு கட்டி விடறேன்." அவர் நின்று ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை. தக்காளி வியாபாரி. மதியத்துக்குள் லாரி கிளம்பாவிட்டால் சரக்கு அழுகிவிடும் என்ற பதற்றத்திலேயே வாழ்கிறவர்.

இந்த முறை அந்தமானுக்குப் போனது கரும்பவளம் பார்க்க. சாதாரணப் பவளங்கள் வெயில் எட்டும் ஆழத்தில் வாழும். கரும்பவளம் வெளிச்சம் மங்கிய ஆழத்தில், பாறைச் சரிவில், மரம் போல் கிளை விட்டு நிற்கும். வருடத்துக்கு நகக்கண் அளவுகூட வளராது. உலகத்தின் சில கடல்களில் ஆயிரக்கணக்கான வயதுள்ளவை இருக்கின்றன என்று எங்கள் பயிற்சியாளர் அந்தோணி சொன்னார். தூத்துக்குடிக்காரர். "இதுக்கு என்ன வயசுன்னு யாரும் கணக்கு எடுக்கல மேடம். ஆனா நம்ம ஊர்க் கோயில் பல கட்டுறதுக்கு முன்னாடியே இது இங்க நின்னுருக்கும்" என்றார்.

நாற்பது மீட்டருக்குக் கீழே எல்லாம் சாம்பல் நீலம். அந்தோணி கைவிளக்கை அடித்தார். பெயர்தான் கரும்பவளம். உயிரோடு இருக்கும்போது அதன் மேல் செம்பொன் நிறத்தில் பூம்பஞ்சு படர்ந்தது போல் இருக்கிறது. உள்ளிருக்கும் எலும்புதான் கறுப்பு. நான் தொடாமல் அதன் முன்னால் மிதந்தேன். எனக்கு அழுகை வந்தது. முகக் கவசத்துக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த நோயைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன தப்பு பண்ணினீங்க?" என்றுதான். ஒரு தப்பும் பண்ணவில்லை. அவசரப்பட்டு ஏறவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றேன். கடைசி முறை மூழ்கியதற்கும் விமானம் ஏறியதற்கும் நடுவே ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தேன். பிறகு எனக்கு வைத்தியம் பார்த்த சென்னை மருத்துவரும் இதையேதான் சொன்னார். "எல்லாம் சரியா செஞ்சாலும் சில பேருக்கு வரும்மா. உடம்பு நம்ம அட்டவணையப் படிச்சிட்டு வேலை செய்யறதில்ல." எனக்கு அது ஆறுதலாக இல்லை. தப்பு செய்திருந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். தப்பே இல்லாமல் வந்த ஒன்றுக்கு யார் மேல் கோபப்படுவது?

பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கியபோது இடது முழங்கையில் ஒரு குடைச்சல், வயிற்றில் அரிப்பு. பெட்டி தூக்கியதால் என்று நினைத்தேன். காரில் ஓசூர் தாண்டி, ராயக்கோட்டை இறங்கி மாரண்டஹள்ளி வந்து சேரும்போது குடைச்சல் பாதி குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்தாலே வலி போய்விடும் என்று வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேலைக்கு ஓசூர் போனேன். அன்றைக்குத்தான் செருப்பு கழன்றது.

கால் மரத்தது மாறாததால், அன்று மதியமே கம்பெனி பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் காட்டினேன். இடுப்பில் நரம்பு அழுந்தியிருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாட்களுக்கு முன் கடலுக்குள் இருந்தேன் என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கால் மரத்துப் போனதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இதைப் படிக்கிறவர்களில் யாராவது மூழ்குகிறவர்கள் இருந்தால், எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். பல் வலி என்றாலும் சொல்லுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி கொஞ்சம் தேவலை. என் மாமியார் காலைப் பிடித்துப் பார்த்தார். "இது வாயுதான் கண்ணு. கடல் காத்து குடிச்சிட்டு வந்திருக்கற. பூண்டு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சித் தரேன், குடிச்சிட்டுப் படு."

குடித்துவிட்டுப் படுத்தேன். பொழுது விடிந்து எழுந்தால் சிறுநீர் போக முடியவில்லை. வயிறு கல்லாக இருக்கிறது, முக்குகிறேன், ஒரு சொட்டு வரவில்லை. எழுந்து நின்றேன். இடது கால் மடங்கியது. சுவரைப் பிடித்தேன். வலது காலும் என்னுடையது போல் இல்லை. "ஏங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மாதேஷ் வாயில் பல்துலக்கும் நுரையோடு ஓடி வந்தார்.

அப்போது வந்த பயத்தை எப்படிச் சொல்வது? கடலில் பயம் வந்திருக்கிறது. ஆனால் அங்கே பயம் வெளியே இருக்கும், நாம் அதிலிருந்து விலகி நீந்தலாம். இது எனக்குள்ளேயே இருந்தது. இனி நடக்கவே முடியாதோ என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. வாழ்நாள் முழுக்க இன்னொருவர் தூக்கிவிட வேண்டுமோ, மாமியார் எனக்கு மூத்திரம் அள்ள வேண்டுமோ என்று ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செத்துப்போவதைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் வண்டி ஓசூர்ப் பக்கம்தான் திரும்பும். அங்கே முடியவில்லை என்றால் பெங்களூரு. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், "பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் நிலைமை மோசம், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாதேஷும் அதையே செய்தார். என்னைத் தூக்கிப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு ராயக்கோட்டை சாலையில் விரட்டினார்.

அந்தச் சாலை ஏறிக்கொண்டே போகும். இத்தனை வருடம் பேருந்தில் தூங்கிக்கொண்டே போன சாலை. ஏறுகிறது என்பதையே நான் கவனித்ததில்லை. அன்று கவனித்தேன். வண்டி ஏற ஏற மரப்பு முழங்காலிலிருந்து தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து இடுப்புக்கு வந்தது. நான் நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிள்ளுவது தெரிந்த இடம் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போனது.

"மேல வருதுங்க, மேல வருதுங்க" என்று அழுதேன்.

"இதோ வந்துட்டோம் வாணி. இதோ ஓசூரு. கண்ண மூடாத, பேசிக்கிட்டே வா" என்றார். அவர் குரல் நடுங்கியது. இருபது வருடத்தில் நான் கேட்காத குரல்.

பேசிக்கொண்டே வரச் சொன்னதால் பேசினேன். பெங்களூரில் வலித்தது, வீட்டில் குறைந்தது. ஓசூரில் செருப்பு கழன்றது, வீட்டில் தேவலை. இப்போது ஏறுகிறோம், கூடுகிறது. சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்குக் குளிரெடுத்தது. மூழ்கியபின் உடனே உயரத்துக்குப் போகக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் படித்தது அப்போதுதான் மண்டைக்கு ஏறியது. ஆனால் அதெல்லாம் விமானத்துக்குச் சொன்னது. ராயக்கோட்டைக்கும் சேர்த்துச் சொன்னது என்று யாருக்குத் தெரியும்!

அந்தோணிக்குப் போன் போட்டேன். நான் பாதி சொல்லும்போதே அவர், "வண்டிய நிறுத்தச் சொல்லுங்க மேடம்" என்றார். சென்னையில் இந்த நோயைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரை இணைப்பில் சேர்த்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். பதற்றமே இல்லை.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ராயக்கோட்டைங்க."

"அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?"

இதை எங்களிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.  மாதேஷ் வண்டியை ரயில் நிலையத்துக்கு விட்டார். நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. அவர் இறங்கி நடைமேடைக்கு ஓடினார், படித்துவிட்டு ஓடி வந்தார். மூச்சிரைக்க எண்ணைச் சொன்னார். "நம்மூரு ஸ்டேசன்ல இருக்கறதவிட ரொம்ப அதிகங்க டாக்டர். எங்க ஊரே மேடுதான். இது அதுக்கும் மேல."

"ஓசூர் போகாதீங்க. பெங்களூரு போகவே போகாதீங்க. திரும்பி இறங்குங்க. உடனே."

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். என் உடம்பில் தங்கிப்போன நைட்ரஜன் குமிழிகளாகி முதுகுத்தண்டின் நரம்புகளை அடைத்திருக்கிறது (அழுத்தக் குறைவு நோய் என்பார்கள்). கோலி சோடாவைத் திறந்தால் பொங்குமே, அதே காரியம்தான். மேட்டு நிலத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஏற ஏறக் குமிழி பெரிதாகும். அன்று கூடியதற்கு ஏற்றம் மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் பின்னால் சொன்னார். ஆனால் ஏறுவது ஆபத்து என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி இறங்கியது. அந்த நேரத்தில் அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. முன்பின் முகம் தெரியாத ஒரு குரலை நம்பி, கைக்கெட்டிய வைத்தியத்தை விட்டுவிட்டுப் போகிறோமே என்று பதறினேன். "ஓசூருக்கே போயிடலாங்க, எனக்கு பயமா இருக்குது" என்று கெஞ்சினேன். மாதேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தம்மா இறங்கச் சொல்லிடுச்சி. இறங்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். சிறுநீர் போகக் குழாய் போட்டார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் சென்னை. எந்த வழி என்று ஓட்டுநர் கேட்டபோது, மாதேஷ் அரூர் வழி திருவண்ணாமலை என்றார். லோடு வண்டியில் போய்ப் பழகிய சாலை. அதில் பெரிய மேடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். மருத்துவர் சொன்னபடி என்னை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். வழியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு, கட்டை விரலை ஆட்ட முயன்றுகொண்டே போனேன். அது ஆடுகிறதா என்று மாதேஷிடம் கேட்டேன். "ஆடுது, ஆடுது" என்றார். பொய் என்று எனக்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

சென்னையில் என்னை அழுத்த அறைக்குள் வைத்தார்கள் (காற்றழுத்தத்தைக் கூட்டி, முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன் கொடுக்கும் இரும்பு அறை). படுத்த ரயில் எஞ்சின் போல் இருந்தது. உள்ளே ஒரு செவிலியர் துணைக்கு. கதவு மூடித் திருகும் சத்தம் கேட்டதும் எனக்குச் சகலமும் ஒடுங்கிவிட்டது. காது அடைத்தது. அறைக்குள் காற்று சூடாகியது. பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமம் என்றார் செவிலியர். தண்ணீரே இல்லாமல் மறுபடி கடலுக்குள் இறக்குகிறார்கள். கடலில் எனக்குப் பிடித்த அதே இறக்கம், இங்கே ஒவ்வொரு மீட்டரும் நெஞ்சை அழுத்தியது. வெளியே விட்டுவிடச் சொல்லிக் கையை ஆட்டினேன். செவிலியர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத் திறந்தா உங்களுக்குத்தான் கெடுதல்க்கா. இறங்கியாச்சு. இனி மெதுவாத்தான் ஏறணும்."

அப்போது கரும்பவளத்தை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நினைக்கவில்லை. நான் என் கால் விரலை மட்டும் நினைத்தேன்.

முதல் முறை வெளியே வந்தபோது ஒரு மாற்றமும் இல்லை. மருத்துவர் உள்ளங்காலில் ஊசி முனையால் தொட்டார். கூராக இருக்கிறதா, மொண்ணையா என்று கேட்டார். நீங்கள் தொடுகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. "தாமதமா வந்திருக்கீங்க. ஆனா வந்துட்டீங்க. திரும்பத் திரும்ப உள்ள போவோம்" என்றார்.

திரும்பத் திரும்பப் போனேன். ஒரு நாள் அறைக்குள் படுத்திருக்கும்போது வலது கால் கட்டை விரல் அசைந்தது. செவிலியர்தான் முதலில் பார்த்தார். கண்ணாடித் துளை வழியே பார்த்துக்கொண்டிருந்த மாதேஷுக்குச் சுட்டிக் காட்டினார். அந்த மனுஷன் ஆஸ்பத்திரி நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் நோயைப் பற்றி முழுசாகச் சொல்லியிருக்கிறார். இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி என்றதும், "அதத்தான்டா நான் அன்னைக்கே சொன்னேன். வாயுன்னு" என்றாராம் மாமியார். அதைக் கேட்டுச் சிரித்தேன். வியாதி வந்த பிறகு அதுதான் என் முதல் சிரிப்பு. என்ன இருந்தாலும் நோயை முதலில் கண்டுபிடித்தது அவர்தான், மருந்துதான் தப்பு.

சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். நிற்கப் பழக்கினார்கள், கம்பியைப் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். தாம்பரத்தில் நாத்தனார் வீட்டில் தங்கி உடற்பயிற்சிக்குப் போய் வந்தேன். வலது கால் முழுசாகத் திரும்பியது. இடது காலில் பலம் வந்தது, உள்ளங்காலில் உணர்ச்சி வரவில்லை. சூடு தெரியாது, குத்துவது தெரியாது. தரையைக் கண்ணால் பார்த்துத்தான் மிதிக்கிறேன். இது இப்படியேதான் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இனி மூழ்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

ஊருக்குப் போகலாம் என்று அவர் சொன்ன நாளில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்தேன். என் வீடு ஒரு உயரத்தில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமென்றால் ஏற வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்தவளுக்கு, சொந்த ஊருக்குப் போகும் சாலையே எமனாகத் தெரிந்தது. "போங்க. மெதுவா ஏறுங்க. ஏதாவது மாறினா அங்கயே நில்லுங்க, எனக்குக் கூப்பிடுங்க" என்றார் மருத்துவர்.

திருவண்ணாமலை தாண்டியதும் மாதேஷ் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"ஏங்க, எதுக்கு இங்க நிறுத்திட்டீங்க?"

"நிக்கணுமில்ல?" என்றார்.

"நிக்கறதா?"

"ஏறும்போது நின்னு நின்னு ஏறணும்னு நீதான சொன்ன. உங்க அந்தோணி நிறுத்தமாட்டாரா? நானும் நிறுத்தறேன்."

கடலில் நிற்பது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து என் முன் நீட்டினார். மூழ்குகிறவர்கள் தண்ணீருக்குள் "நலமா?" என்று கேட்கும் சைகை. அதை எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் காலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளுவது தெரிந்தது. வட்டம் பிடித்துக் காட்டினேன். டீ வாங்கி வந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

அரூரில் நிறுத்தினார். வட்டம். தருமபுரியில் நிறுத்தினார். வட்டம். பாலக்கோட்டில் நான் இறங்கி, ஒரு வேப்ப மரத்தடியில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தேன். இனி ஏறினால் எங்கள் ஊர்தான். எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடு உட்கார்ந்திருக்கத்தான் கொஞ்சம் பழகியிருந்தது. அந்தக் கடலடியில், வெளிச்சமில்லாத சரிவில், இந்நேரமும் அந்தச் செம்பொன் மரம் நகக்கண் அளவு வளர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கும் என்று அப்போதுதான், நோய் வந்த பிறகு முதல் தடவையாக, நினைத்தேன். மாதேஷின் போன் அடித்தது. மண்டியிலிருந்து, லாரி காத்திருக்கிறதாம். "நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாரண்டஹள்ளியில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. உடம்பில் எதுவும் மாறவில்லை. மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் இறங்கக் காலை எடுத்துக் கீழே வைக்கப் போனபோது மாதேஷ், "இரு" என்றார். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. 

அவர் தன் இருக்கைக்கு அடியில் கை விட்டு என் செருப்பை எடுத்தார். "பாலக்கோட்டுல கழண்டிருச்சி. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அதைத் தரையில் நேராக வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மெதுவா மாட்டு. ஒன்னும் அவசரமில்ல."